ஒன்றிலிருந்து ஐந்து வரை

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்ததால் தலைசுற்றல் இல்லை. நீ கட்டிக் கொடுத்த மாத்திரைப் பொட்டலம் பிரிக்காமல் அப்படியே இருக்கிறது. உன் கழுத்து வலி எப்படி? குனிந்து குனிந்து லென்ஸ் தேய்க்காதே என்று சொன்னால் கேட்கவா போகிறாய்.

போனில் நான் "சரி, சரி, அப்புறம்" என்று ஓட்டிவிடுகிறேன், கடிதத்தில்தான் வாயைத் திறக்கிறேன் என்று நீ சொன்னாய் அல்லவா? இதோ திறக்கிறேன்.

ஊர் ஏரிக்கரையில் இருக்கிறது. அக்கரைக்குப் போகும் படகு, ஒரு சரிவான தெருவின் அடியிலிருந்து கிளம்புகிறது. தெரு அத்தனை குறுகல். இரண்டு கைவண்டி எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கியே ஆக வேண்டும். யார் பின்வாங்குவது என்பதில் தினமும் ஒரு சண்டை நடக்கும், அது முடிந்ததும் ஒரு சிரிப்பு. இந்தப் படகுத்துறையை அரை கிலோமீட்டர் தள்ளி, கார் நிறுத்துமிடத்தின் பக்கத்தில் புதிதாகக் கட்ட நகராட்சிக்கு ஆசை. கட்டினால் தெரு படுத்துவிடும் என்கிறார்கள் கடைக்காரர்கள். முடிவெடுப்பதற்கு முன்னால், இங்கே குடியிருப்பவர்களுக்கும் விடுமுறைக்கு வந்து போகிறவர்களுக்கும் இந்த இடத்தோடு எவ்வளவு ஒட்டுதல் இருக்கிறது என்று எண்ணில் சொல்ல வேண்டுமாம். அதற்குத்தான் எங்களை அனுப்பியிருக்கிறார்கள். மொத்தம் மூன்று மாதம்.

பதினெட்டுக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். ஒன்று என்றால் துளிகூட இல்லை. ஐந்து என்றால் உயிர்.

எங்கள் அதிகாரி, எதையும் புள்ளிக்குப் பிறகு ஓர் இலக்கம் இல்லாமல் நம்ப மாட்டார். "நிறையப் பேர் வந்தாங்க" என்றால் முகத்தைச் சுளிப்பார். எல்லா ஊரிலும் பெரும்புள்ளிகள் இருப்பார்கள், எங்களுக்கு வாய்த்தவர் தசமப்புள்ளி. பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

எனக்கு அறை ஒரு சலவைக் கடையின் மாடியில். கீழே இஸ்திரி போடும் சூட்டில் தரை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கிறது. செருப்பே தேவையில்லை.

கேள்வித்தாள் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். தெருவில் இறங்குவதற்கு முன் யாராவது தெரிந்தவர்களிடம் சோதித்துப் பார்க்கச் சொன்னார்கள். நம் வீட்டை மனதில் வைத்து நீ நிரப்பி அனுப்பு. உனக்கு எல்லாமே ஐந்துதான் வரும், தெரியும். இருந்தாலும் விதி விதிதானே.

உடம்பைப் பார்த்துக்கொள். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கு.

உன்
வாலு


பிப்ரவரி 15

என் செல்ல வாலுக்கு,

உன் கடிதம் வந்தது, மனம் குளிர்ந்தது. இங்கே எல்லாம் சுகம். கழுத்து தன் வேலையைச் செய்கிறது, நான் என் வேலையைச் செய்கிறேன். இருவருக்கும் சண்டை இல்லை. உன் இருமல் நின்றதா? வெதுவெதுப்பான தரை என்று வெறுங்காலோடு திரியாதே. கீழே சூடு, மேலே ஏரிக் காற்று. உன் மூக்கு இரண்டையும் தாங்காது.

கேள்வித்தாளை நிரப்பி வைத்திருக்கிறேன். பதினான்காவது கேள்விக்கு வரும்போது கடையில் கூட்டம் வந்துவிட்டது, அதனால் விட்டுப்போயிற்று. அப்புறம் போடலாம்.

இருபத்து மூன்று வருடமாகக் கண் பரிசோதிக்கிறவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். மனிதர்கள் தேர்வு என்றாலே தேறத்தான் பார்ப்பார்கள். போன வாரம் ஒரு லாரி டிரைவர் வந்தார். எழுத்துப் பலகையின் கடைசி வரியைக் கடகடவென்று ஒப்பித்தார். "அடடா" என்று நான் பலகையைத் திருப்பி வைத்தேன். அப்போதும் அதே எழுத்துக்களை அதே வரிசையில் ஒப்பித்தார்! வரிசையில் காத்திருந்தபோது மனப்பாடம் செய்திருக்கிறார். "என்னங்க இது?" என்றால், "ஃபெயிலாயிட்டா வண்டிய வாங்கிடுவாங்களேம்மா" என்கிறார். உன் தெருவிலும் அப்படித்தான் பதில் சொல்வார்கள். ஜாக்கிரதை.

உன் அறையில் திரைச்சீலை மாற்றியிருக்கிறேன். மெத்தையை வெயிலில் போட்டு எடுத்தேன். நீ எப்போது வந்து இறங்கினாலும் தயார்.

ஊர் ஊராகப் போய்ப் பரிசோதிக்கும் நடமாடும் கண் வண்டிக்காரர்கள் இந்த மாதமும் கடைக்கு வந்திருந்தார்கள், எழுபது ஜோடி லென்ஸ் வெட்டிக் கொடுத்தோம். அவர்களோடு டீ குடித்தேன். வேறு விசேஷம் இல்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்
அக்கா


மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதமும் கேள்வித்தாளும் பத்திரமாக வந்தன. இருமல் போய்விட்டது. மூக்கு மட்டும் அவ்வப்போது தன் இருப்பைக் காட்டிக்கொள்கிறது. நீ நலம்தானே?

லாரி டிரைவர் கதையை அலுவலகத்தில் சொன்னேன். தசமப்புள்ளி சிரிக்கவில்லை. "எத்தனை பேர்ல ஒருத்தர் அப்படிப் பண்றாங்க?" என்று கேட்டார்.

ஆனால் நீ சொன்னது சத்தியம். குடியிருப்பவர்கள் எல்லாரும் ஐந்து, ஐந்து, ஐந்து என்று போட்டுத் தள்ளுகிறார்கள். துறையைக் காப்பாற்ற வேண்டும் அல்லவா? ஒரே ஒருத்தி விதிவிலக்கு. ரொட்டிக் கடைக்காரி. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"இந்தத் தெரு உங்களுக்கு எவ்வளவு பிடிக்கும்?"

"ஒன்னு போடு."

"தெருவுல இருக்கிறவங்களோட நெருக்கம்?"

"ஒன்னுக்குக் கீழ ஏதாவது இருக்கா?"

"இல்லீங்க."

"அப்ப ஒன்னு. கஞ்சப் பசங்க, கேள்வித்தாள்லயும் கஞ்சம்."

"வேற நல்ல இடம் கிடைச்சா போயிடுவீங்களா?"

மாவுக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் எதுக்குப் போகணும்? நான் போயிட்டா இந்தத் தெருவைத் திட்டறதுக்கு யாரு இருக்கா?"

இதற்கு எத்தனை மதிப்பெண் போடுவது, சொல்.

இன்னொருவர் வெளியூர்க்காரர். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இருபத்திரண்டு வருடமாக இதே மாதம், இதே விடுதி, துறைக்கு எதிரே இதே பெஞ்ச். அவருடைய சராசரி 1.4. எனக்கே கோபம் வந்துவிட்டது. "அப்புறம் ஏன் சார் வருஷா வருஷம் வர்றீங்க?" என்று கேட்டேன். "எங்க போறதுன்னு யோசிக்கிற வேலை மிச்சம்மா" என்றார்.

ஆக, பிடித்தவர்கள் பொய் சொல்கிறார்கள், பிடிக்காதவர்கள் நகர மறுக்கிறார்கள். தசமப்புள்ளி இரண்டு நாளாகத் தலையில் கையை வைத்துக்கொண்டிருக்கிறார்.

நேற்று சந்தையில் ஒரு நல்ல பிளாஸ்டிக் வாளியும் சின்ன அடுப்பும் வாங்கினேன். சலவைக் கடை அம்மா அடுப்புக்கு ஜன்னலோரம் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

கழுத்துக்கு எண்ணெய் தடவு. பதிலை எதிர்பார்க்கிறேன்.

உன்
வாலு


மார்ச் 17

செல்லம்,

இங்கே வழக்கம்போல் நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். மூக்கு தன் இருப்பைக் காட்டிக்கொண்டால் நீயும் உன் கைக்குட்டையைக் காட்டு. சட்டைக் கையில் துடைக்காதே. உன்னை எனக்குத் தெரியும்.

ரொட்டிக் கடைக்காரியை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கடையில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன்.

சின்னக் குழந்தைகளுக்குக் கண் பார்க்கும்போது, "தெரியுதா?" என்று நான் கேட்பதே இல்லை. கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்லும். ஒரு பொம்மையை மெதுவாக நகர்த்துவேன், கண் எங்கே போகிறது என்று பார்ப்பேன். அவ்வளவுதான். நீயும் கேட்பதை நிறுத்திவிட்டுப் பாரேன். தெருவின் மேல்முனையிலிருந்து துறை வரை அவர்களோடு சும்மா நடந்து போ. எங்கே வேகம் குறைகிறது, எங்கே கை நீள்கிறது, எங்கே பேச்சு நிற்கிறது என்று குறித்துக்கொள். வாய் மனப்பாடம் செய்யும், கால் செய்யாது.

அப்புறம் இன்னொன்று. மூன்று மாதத்தில் கிளம்பப் போகிறவள் வாளி வாங்குவாளா? நீ இதுவரை ஒன்பது ஊரில் வேலை பார்த்திருக்கிறாய். ஓர் ஊரிலும் சோப்பு டப்பா கூட வாங்கியதில்லை. சும்மா கேட்டேன்.

உன் அறைக்கு வெள்ளையடிக்க ஆள் வருகிறார். இளம்பச்சையா, வெள்ளையா? உடனே சொல். நீ வருவதற்குள் வாசனை போய்விட வேண்டும்.

அன்புடன்
அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாம் நலம், அங்கும் அப்படித்தானே? வெயில் ஏறிவிட்டதாகப் பேப்பரில் போட்டிருந்தது. மதிய நேரத்தில் கடையை விட்டு வெளியே வராதே.

அக்கா, நீ இந்த வேலைக்கு வந்திருக்க வேண்டியவள். நாற்பத்து மூன்று பேரோடு நடந்தேன். என் கால் இப்போது என்னோடு பேசுவதில்லை. ஆனால் கண்டுபிடித்துவிட்டேன்!

எல்லாரும் படகுத்துறை, படகுத்துறை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். ஒருவருக்கும் துறையில் வேகம் குறையவில்லை. அங்கே டிக்கெட் எடுக்கிற அவசரம்தான். வேகம் குறைவது தெருவின் நடுவில், சலவைக் கடைக்கும் படகுப் பட்டறைச் சுவருக்கும் இடையே ஒரு வளைவு இருக்கிறதே, அங்கே. மேலேயிருந்து இறங்கி வந்தால் ஏரி முதன்முதலாகக் கண்ணில் படுவது அந்த இடத்தில்தான். நாற்பத்து மூன்றில் முப்பத்தாறு பேர் அங்கே தயங்கினார்கள். கேட்டால், "நான் எங்க நின்னேன்? நிக்கவே இல்லையே" என்கிறார்கள்.

ரொட்டிக் கடைக்காரி நகராட்சியைத் திட்டிக்கொண்டே வந்தாள். வளைவில், யாரோ ஒருவர் வீட்டு வெளிக்கதவின் கொக்கி கழன்று தொங்கியது. திட்டை நிறுத்தாமலே அதை மாட்டிவிட்டு நடந்தாள். "உங்க வீடா?" என்று கேட்டேன். "இல்ல. காத்துல அடிச்சுக்கிட்டே இருக்கும், தூங்க விடாது" என்றாள். அவள் வீடு தெருவின் மறுகோடியில் இருக்கிறது!

லிஃப்ட் மெக்கானிக்கும் வந்தார். வளைவில் தொப்பியைக் கழற்றிவிட்டு, "இங்க கொஞ்சம் நிப்போம்மா" என்றார். எதற்கு என்று கேட்டேன்.

"என் வீட்டுக்காரி இங்க வந்ததும் 'வந்துட்டோம்'னு சொல்லுவா. பஸ் விட்டு இறங்கும்போது சொல்ல மாட்டா. விடுதியில சொல்ல மாட்டா. இங்கதான்."

"இப்ப?"

"இப்ப நானே சொல்லிக்கிறேன். சத்தமா இல்ல."

அவர் தாளில் 1.4 என்றுதான் இன்னமும் இருக்கிறது. மாற்றட்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டாம், அது இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் தசமப்புள்ளியிடம் சொன்னேன். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பிறகு, "முப்பத்தாறுன்னா எத்தனை சதவீதம்?" என்றார். "எண்பத்து மூணு புள்ளி ஏழு சார்." முகம் மலர்ந்துவிட்டது.

உன் கேள்வித்தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பதினான்காவது கேள்விக்கு நேரே காகிதம் மெலிந்து கிடக்கிறது. நாலைந்து தடவை அழித்திருக்கிறாய் போல. 'இந்த இடத்தை விட்டுப் போக நேர்ந்தால் எவ்வளவு வருந்துவீர்கள்?' என்பதுதான் அந்தக் கேள்வி. கடையில் அன்று அவ்வளவு கூட்டமா?

வேலையில் வேறு சில பேச்சுகள் ஓடுகின்றன. முடிவானதும் எழுதுகிறேன்.

உன்
வாலு


மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதக்கூடக் கை வரவில்லை.

வீட்டுக்குப் போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. கடைக்குச் செய்தேன். "அக்கா லீவு" என்றார்கள். நீ லீவா? அப்பா இறந்தபோதுகூட நாலாம் நாள் கடைக்குப் போனவள் நீ. "எங்க போயிருக்காங்க?" என்று கேட்டால், கடையில் இருந்தவர், "நல்லாத்தான் இருக்காங்க, அவங்களே எழுதுவாங்க" என்று இழுத்தார்.

காகிதம் மெலிந்தது பற்றி நான் எழுதியது உன்னைக் குத்திவிட்டதா? குறும்பாகத்தான் எழுதினேன்.

உன்னைப் பேச வைக்க வேண்டுமானால் நான் முதலில் பேச வேண்டும் போலிருக்கிறது. சரி, சொல்லிவிடுகிறேன். ஆய்வை இன்னும் ஒரு வருடம் நீட்டியிருக்கிறார்கள். அடுத்த வருடமும் இதே ஆட்களோடு நடந்து, என்ன மாறியது என்று பார்க்க வேண்டும். யார் இருக்கிறீர்கள் என்று தசமப்புள்ளி கேட்டபோது, என் கை என்னைக் கேட்காமலே மேலே போய்விட்டது. இதைச் சொல்ல ஒரு மாதமாகத் தைரியம் வரவில்லை. நீ திரைச்சீலை மாற்றி, மெத்தை காயவைத்து, வெள்ளையடிக்க ஆள் சொல்லிக் காத்திருக்கும்போது எப்படிச் சொல்வது?

கோபித்துக்கொள். ஆனால் எழுது.

வாலு


மே 30

என் கண்ணுக்கு,

முதலில் ஒரு மூச்சு விட்டுக்கொள். நான் நலம், நூற்றுக்கு நூறு நலம். கழுத்துகூட வலிக்கவில்லை. உன்னைக் கவலைப்பட வைத்ததற்கு மன்னித்துக்கொள். ஊருக்குத் திரும்பியதும் பெட்டியில் உன் இரண்டு கடிதங்களும் கிடந்தன. மே மாதக் கடிதத்தைப் படித்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. கீழ்வீட்டு அச்சகக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

நான் எங்கே போயிருந்தேன் தெரியுமா? நடமாடும் கண் வண்டியில். ஏழு வாரம். "சும்மா ஒரு சுற்று வந்து பாருங்க, பிடிக்கலைன்னா விட்டுடுங்க" என்றார்கள். நானும் கிளம்பிவிட்டேன். உனக்குச் சொல்லவில்லை. சொன்னால், 'வீட்டை விட்டு இருக்க மாட்டாயே அக்கா' என்று எழுதுவாய். அதைப் படித்தால் நானும் போக மாட்டேன்.

வாலு, அவர்கள் என்னைக் கூப்பிடுவது இது முதல் தடவை இல்லை. மூன்றாவது தடவை. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒருமுறை, மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருமுறை. இரண்டு தடவையும், "என் தங்கச்சி அடிக்கடி வருவா, வீடு பூட்டியிருந்தா நல்லா இருக்காது" என்று சொன்னேன். அப்பா கடைசியில் என்ன சொன்னார் என்று உனக்குத் தெரியாது. நீ அப்போது வேறு ஊரில் இருந்தாய். "சின்னவளுக்கு வந்து இறங்க ஒரு இடம் இருக்கணும், பார்த்துக்க" என்றார். பார்த்துக்கொண்டேன். ஒன்பது வருடம்.

குறையாகச் சொல்லவில்லை. அந்த வீட்டில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் உன் கேள்வித்தாளில் அந்தக் கேள்விக்கு என் கை முதலில் போட்டது 'ஒன்று'. பயந்துபோய் அழித்தேன். 'ஐந்து' போட்டேன், பொய்யாக இருந்தது. 'மூன்று' போட்டேன், அது அதைவிடப் பெரிய பொய்யாக இருந்தது. கடையில் அன்று ஈ காக்கா இல்லை.

வண்டி எப்படி இருக்கும் என்று கேட்பாயே. நடுவில் ஒரு சுழல் நாற்காலி, சுவரில் எழுத்துப் பலகை, பின்னால் இரண்டு படுக்கை. டிரைவரம்மா என்னைவிட இரண்டு வயது மூத்தவர், பழைய பாட்டெல்லாம் தப்புத் தப்பாகப் பாடுவார். காலையில் கண் விழித்தால் எந்த ஊர் என்று ஒரு நிமிடம் தெரியாது. அந்த ஒரு நிமிடம் இருக்கிறதே, எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது. நாற்பத்தாறு வயதில் இப்படி எழுத வெட்கமாக இருக்கிறது.

நிரந்தரமாக வரச் சொல்கிறார்கள். போனால் வீட்டைக் காலி செய்துவிட வேண்டியதுதான். நீ என்ன சொல்கிறாய்? மனதில் இருப்பதை எழுது. தேறப் பார்க்காதே.

அன்புடன்
அக்கா


ஜூன் 4

என் அருமை அக்காவுக்கு,

நீ நூற்றுக்கு நூறு நலம் என்று எழுதியதை நாலு தடவை படித்தேன். நானும் நலம். ஆனால் உன்மேல் கடும் கோபத்தில் இருக்கிறேன்.

ஒன்பது வருடமா! ஒவ்வொரு விடுமுறைக்கும் மூட்டை முடிச்சோடு அங்கே வந்தேனே, எதற்கு என்று நினைத்தாய்? 'அக்கா தனியாக இருப்பாள், வீட்டை விட்டு அசைய மாட்டாள், நாம் போகாவிட்டால் மனசு உடைந்துவிடும்' என்றுதான். அலுவலகத்தில் எல்லாரும் மலைக்குப் போனார்கள், கடலுக்குப் போனார்கள். நான் அச்சகத்து மெஷின் சத்தத்தில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன். நீ எனக்காக மெத்தையைக் காயவைத்தாய், நான் உனக்காக அதில் படுத்தேன்.

நானும் ஒரு தாள் நிரப்பி வைத்திருந்தேன், பிப்ரவரியிலேயே. நம் வீட்டுக்கு என் சராசரி இரண்டு. உன்னிடம் காட்டியிருப்பேனா? சட்டைக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். உன் கடிதத்தை மூடிவைத்துவிட்டு ஜன்னலோரம் நின்றேன். அந்த வீடு இனி இருக்காது என்று நினைத்ததும் பொலபொலவென்று அழுகை வந்துவிட்டது. சலவைக் கடை அம்மா பதறிப்போய், "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். "யாருக்கும் ஒன்னும் ஆகலம்மா, எல்லாம் நல்லதுதான்" என்றேன். "நல்லதுக்கா இப்படி?" என்று ஒரு வெளுத்த துண்டை எடுத்துக் கொடுத்தார். இரண்டு மதிப்பெண் போட்ட வீட்டுக்கு எதற்கு இவ்வளவு அழுகை? தசமப்புள்ளியிடம் கேட்டேன், பெயர் சொல்லாமல். "பிடிப்புன்னு நாம ஒன்னைத்தான் அளக்கறோம். பழக்கம், நன்றி, பயம் எல்லாம் அதுக்குள்ளயே சேர்ந்து வந்துடுது. பிரிக்கத் தெரியல" என்றார். அவர் புள்ளி வைக்காமல் பேசி நான் கேட்டது அன்றுதான்.

போ அக்கா. வண்டியில் ஏறு. அப்பா எனக்கு ஓர் இடம் கேட்டார், கிடைத்துவிட்டது. உனக்கு யாரும் கேட்கவில்லை, அதனால் நான் கேட்கிறேன்.

ஜூலையில் பத்து நாள் லீவு போட்டு வருகிறேன். சேர்ந்து காலி செய்வோம். வெள்ளையடிக்கிறவரை நிறுத்து!

உன்
வாலு


ஆகஸ்ட் 21

அன்புள்ள அக்காவுக்கு,

ஜூலைக் கடைசியிலேயே நல்லபடியாகத் திரும்பி வந்துவிட்டேன், இப்போதுதான் எழுத முடிகிறது. பெட்டி தூக்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது, இப்போது பரவாயில்லை. நீ எந்த ஊரில் இருக்கிறாயோ தெரியாது, இருக்கும் இடத்தில் நலமாக இரு. கடிதத்தை வண்டி ஆபீஸ் விலாசத்துக்கே போடுகிறேன்.

நீ செய்ததை நினைத்தால் இன்னும் ஆச்சரியம்தான். திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்கிவிட்டாய். நான்தான் குழாயை மூடினோமா, ஜன்னலைச் சாத்தினோமா என்று மூன்று தடவை மேலே ஏறினேன். மூன்றாவது தடவை, புதிதாகக் குடிவந்த நர்ஸ் குடும்பத்தின் இரட்டைக் குழந்தைகள் என் பழைய அறையில் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒன்று என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றது. "குழாய் பார்க்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். நீ தெருவில் நின்று விழுந்து விழுந்து சிரித்தாய்.

இங்கே பெரிய செய்தி. நகராட்சிக் கூட்டம் நடந்தது. தசமப்புள்ளி அறுபது பக்க அறிக்கையைத் தூக்கிக்கொண்டு போனார். மூன்றாம் பக்கத்திலேயே உறுப்பினர்கள் கொட்டாவி விட ஆரம்பித்துவிட்டார்கள். சட்டென்று அறிக்கையை மூடினார். "எல்லாரும் எழுந்திருங்க, ஒரு நடை போயிட்டு வரலாம்" என்றார். பதினோரு உறுப்பினர்கள், தலைவி, பின்னால் நாங்கள் நாலு பேர். தலைவி செல்போனில் யாரையோ அதட்டிக்கொண்டே வந்தார். வளைவு வந்தது. அதட்டல் நின்றது. ஏரியைப் பார்த்தார், போனைக் காதிலிருந்து இறக்கினார், பிறகு மறுபடி நடந்தார்.

தசமப்புள்ளி கையிலிருந்த கடிகாரத்தை அமுக்கினார். "பதினொன்னு புள்ளி நாலு வினாடி நின்னீங்க மேடம்."

"யாரு? நானா? நான் நிக்கவே இல்லையே!"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ரொட்டிக் கடைக்காரி கடை வாசலிலிருந்து, "நின்னீங்க, நின்னீங்க, நானும் பார்த்தேன்" என்று கத்தினாள்.

முடிவு இதுதான். பெரிய படகு புதுத்துறைக்குப் போகும். நடந்து வருபவர்களுக்கான சின்னப் படகு பழைய துறையிலேயே இருக்கும். வளைவில் எதையும் கட்டக் கூடாது, ஏரியை மறைக்கக் கூடாது என்று தீர்மானம் எழுதிவிட்டார்கள். ரொட்டிக் கடைக்காரிக்குத் திருப்தி இல்லை. சின்னப் படகுக்கு நேரம் போதாதாம். அவளுக்குத் திருப்தி வந்துவிட்டால்தான் நான் பயப்படுவேன்.

சலவைக் கடை மாடியில் பக்கத்து அறையையும் எடுத்துக்கொண்டேன். வண்டி இந்தப் பக்கம் வந்தால் நீ படுக்க இடம் இருக்கிறது. ஆனால் ஒன்று, உனக்காகத் திரைச்சீலையெல்லாம் மாற்ற மாட்டேன். வருகிறவள் தூசி தட்டிப் படுத்துக்கொள்ளட்டும்.

உன்
வாலு


அக்டோபர் 6

செல்ல வாலுக்கு,

நான் நலம். டிரைவரம்மாவும் நலம், பாட்டு மட்டும் இன்னும் தேறவில்லை. உன் இடுப்பு எப்படி? வெந்நீர் ஒத்தடம் கொடு, உன் புகழ்பெற்ற வாளிக்கு ஒரு வேலை ஆகட்டும்.

உன் கடிதம் என்னை மூன்று ஊர் துரத்திக்கொண்டு வந்து சேர்ந்தது. தலைவி கதையை டிரைவரம்மாவுக்கு வாசித்தேன். சிரித்ததில் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டு, போக வேண்டிய ஊரை விட்டு வேறு ஊருக்குப் போய்விட்டோம். பரவாயில்லை, அங்கேயும் கண்ணாடி வேண்டியவர்கள் இருந்தார்கள்.

எல்லா நாளும் இனிக்கிறது என்று சொல்ல மாட்டேன். போன வாரம் மழை. வண்டிக்குள் ஒழுகியது. மூன்று நாள் ஈரத் துணியோடு இருந்தோம். அப்போது நம் சமையலறையின் காய்ந்த தரை ஞாபகத்துக்கு வந்தது. அரை மணி நேரம் வந்தது, பிறகு போய்விட்டது.

இப்போது ஒரு கல் குவாரிப் பக்கம் இருக்கிறோம். ஊர் முழுக்க வெள்ளைத் தூசி. யாருமே வண்டிக்குள் ஏற வரவில்லை. தூர நின்று பார்த்தார்கள். கடைசியில் கல் உடைக்கும் மெஷின் ஓட்டுகிறவர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். அறுபது வயது இருக்கும், ஆள் மலை மாதிரி. "எனக்குக் கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு, சும்மா வந்தேன்" என்றார். பலகையில் மூன்றாவது வரியே தெரியவில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் லென்ஸை மாற்றி மாற்றி வைத்தேன். ஓர் இடத்தில் மூச்சை இழுத்துப் பிடித்தார். பலகையைப் பார்க்கவில்லை. கதவு வழியாக வெளியே பார்த்தார்.

"அந்த மலை மேல மரம் இருக்கா?"

"இருக்குங்க."

"எப்பவும் இருந்துச்சா?"

"நான் நேத்துதானே வந்தேன். நீங்கதான் சொல்லணும்."

நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு எந்த ஊரும்மா?" என்றார்.

எத்தனை தடவை இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருப்பேன்! நம் பழைய ஊரைச் சொல்லப் போனேன், நிறுத்தினேன். உன் ஏரிக்கரையைச் சொல்லலாமா என்று நினைத்தேன், அது உன்னுடையது. அவர் காத்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு இந்த ஊருதாங்க" என்றேன்.

ஏதோ தப்பாகப் பேசிவிட்டோமோ என்று எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. அவர் தலையை ஆட்டினார். சோதனைக் கண்ணாடியைக் கழற்றாமலே எழுந்து, கதவில் நின்று, தூரத்தில் தயங்கிக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்துக் கை தட்டிக் கூப்பிட்டார்.

"பயப்படாம வாங்கப்பா! நம்ம ஊர்க்காரங்கதான்!"

அன்று எண்பத்தொரு பேருக்குக் கண் பார்த்தேன். உடம்பைப் பார்த்துக்கொள், வாலு.

அன்புடன்
அக்கா